தடைக்காலமும் தானோசும்: அதிமனிதப் படங்கள் குறித்து நெய்தல் நோக்கில் ஓர் ஆய்வு

வடசென்னைக் காசிமேட்டில் லாஞ்சுகள் கரையோடு கட்டிக்கிடக்கும் நாட்களாகப் பார்த்துத்தான் அமெரிக்காவின் அதிமனிதர்கள் உலகைக் காப்பாற்றப் புறப்படுகிறார்கள். இது தற்செயல் அன்று என்பதே இவ்வாய்வின் கருதுகோள். கருதுகோளை முதலிலேயே சொல்லிவிட்டால் தரவுகளை அதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம் என்பது ஆய்வுலகில் எல்லோரும் கடைப்பிடிப்பதும் எவரும் எழுதிவைக்காததுமான முறையியல்.

ஆய்வு எல்லை: வடக்கே எண்ணூர் முகத்துவாரம், தெற்கே ராயபுரம், கிழக்கே வங்கக் கடல். மேற்கு எல்லையை வரையறுக்க முடியவில்லை. அங்கே எந்நேரமும் ஒரு கன்டெய்னர் லாரி மறித்து நிற்கிறது. தரவு திரட்டிய முறையாவது, வலையைப் பரப்பிப் பொத்தல் அடைத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பக்கத்தில் போய்க் குந்துதல். தகவலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், டீ வாங்கித் தருகிறவரைச் சுற்றி எத்தனை பேர் கூடுவார்களோ அத்தனை பேர் என்க.

இனிச் சான்றுகள். தமிழ்நாட்டுக் கடலில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2016 வரை 45 நாள். 2017 முதல் ஜூன் 14 முடிய 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பது அரசு சொல்லும் காரணம். இந்த நாட்காட்டிக்குப் பக்கத்தில் மார்வெல் நிறுவனத்தின் நாட்காட்டியை வைத்துப் பார்க்க. முதல் ‘அயர்ன் மேன்’, 2008 மே 2. ‘தி அவெஞ்சர்ஸ்’ இந்தியாவுக்கு வந்தது 2012 ஏப்ரல் 27. ‘அயர்ன் மேன் 3’, 2013 ஏப்ரல் 26. ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’, 2015 ஏப்ரல் 24. ‘சிவில் வார்’, 2016 மே 6. ‘இன்ஃபினிட்டி வார்’, 2018 ஏப்ரல் 27. ‘எண்ட்கேம்’, 2019 ஏப்ரல் 26. ஒன்றுகூடத் தடைக்காலத்துக்கு வெளியே விழவில்லை. (விழுந்தவை பல உண்டு. அவற்றைப் பின்னால் பார்க்கலாம், அவசரமில்லை.)

அமெரிக்கக் கோடை வசூலைக் குறிவைத்து மே மாத வாக்கில் பெரிய படங்களை விடுவது ஹாலிவுட்டின் பழைய வழக்கம் என்று ஒரு சாரார் மறுப்பர். அற்றன்று. 2012, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்காவுக்குப் படம் போவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. சொந்த ஊர்க்காரனைக் காக்கவைத்துவிட்டு யாருக்காக முன்கூட்டி அனுப்பினார்கள்? வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வேலையை விட்டுவிட்டு வரவேண்டிய கட்டாயமே இல்லாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் எந்தத் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை கிடையாதே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவருக்கு விடை: அவர்கள் விடியலில் போய்வந்துவிட்டு மாலைக் காட்சிக்குப் போனார்கள்.

கருதுகோள் இத்துடன் நிறுவப்பட்டது. இனிப் படங்களுக்குள் நுழைவோம்.

‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் தானோஸ் என்ற ஊதா நிறப் பெரியவரின் கொள்கை எளிது. அண்டத்தில் வளம் குறைவு, வாய்கள் அதிகம். ஆகவே ஆறு கற்கள் பதித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு சொடக்குப் போட்டுப் பாதி உயிர்களைத் தூசாக்கிவிடுகிறார். (அந்த ஆண்டுப் பொங்கலிலிருந்தே தமிழ்நாடு ஒரு பாட்டுக்குச் சொடக்குப் போட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் தூசாகவில்லை.) இதே சிக்கலை நமது மீன்வளத் துறை எப்படிக் கையாண்டது என்பதை மேலைத் திறனாய்வாளர் எவரும் ஒப்பிட்டதாகத் தெரியவில்லை. கடலில் மீன் குறைகிறது, வலை கூடுகிறது. துறை சொடக்குப் போடவில்லை. 61 நாள் படகைக் கட்டிப்போடு என்றது, குடும்பத்துக்கு நிவாரணமும் தருகிறது, இப்போது 8,000 ரூபாய். அந்தத் தொகை போதுமா என்பது வேறு ஆய்வு. அதைச் செய்ய வருகிறவர் டீக்காசு கூடுதலாக எடுத்துவருவது நல்லது.

தானோஸ் கொள்கையின் அடிப்படைப் பிழையைச் சுட்டிக்காட்டியவர் மீன் விற்கும் ஆயா ஒருவர். பேரன் கதை சொல்லச் சொல்ல, வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டவர், சொடக்குக் கட்டம் வந்ததும் கத்தியை நிறுத்தினார்.

“பாதி சனம் பூட்ச்சின்னா மீன யார்ரா வாங்குவான்? அந்தாளு யாவாரமே பண்ணதில்லயா?”

“அது இல்ல ஆயா, அவன் நல்லதுக்குத்தான்...”

“நல்லதுக்கா? மீனும்தானேடா பாதி பூட்டிருக்கும்?”

உயிர்கள் அனைத்திலும் பாதி என்பதால் உணவும் பாதியாகிவிடும் என்ற இந்தக் கணக்குக்கு 149 நிமிடப் படத்தில் விடை இல்லை.

கையுறை பற்றி இன்னொரு குறிப்பு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டி, எர்ணாவூர்க் கரையில் கூழாக ஒதுங்கியது. அதை அள்ளியது பெரும்பாலும் கையும் பிளாஸ்டிக் வாளியும்தான். அன்று அள்ளியவர்களில் ஒருவர் ‘இன்ஃபினிட்டி வார்’ பார்த்துவிட்டுச் சொன்னது: “ஆறு கல்லு அவனே வெச்சிக்கட்டும்ணா. கையுறைய மட்டும் குட்த்திருந்தா நகத்துல கருப்பு இல்லாம சோறு துன்னிருப்பேன்.”

இனித் திணைப் பகுப்பு. ‘இன்ஃபினிட்டி வார்’ பாலை. இதில் ஐயமே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டால் பாலை என்பது இலக்கணம். வகாண்டாவின் காட்டிலும் டைட்டன் என்ற பாழ்க்கோளிலும்தான் கடைசிச் சண்டை நடக்கிறது. பெரும்பொழுது வேனில், படம் வந்தது சித்திரை. உரிப்பொருள் பிரிவு, தோளைத் தொட்டுக்கொண்டிருந்தவன் தொட்ட இடத்திலேயே உதிர்கிறான். படம் முடிந்தபோது அரங்கில் விசில் இல்லை. விசிலடிக்க வந்தவன் விரலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்ததை இவ்வாய்வாளரே கண்டார்.

‘எண்ட்கேம்’ நெய்தல். பலர் இதை மறுக்கிறார்கள், கடைசி அரைமணி நேரப் போரை மனத்தில் வைத்துக்கொண்டு. போர் எந்தப் படத்திலும் கிடைக்கும். இந்தப் படத்தின் உயிர் முதல் ஒருமணி நேரம். போனவர்கள் போய்விட்டார்கள், ஐந்து ஆண்டு ஓடிவிட்டது, இருப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் நிற்பது. புயல் எச்சரிக்கைக்குப் பிறகும் கரை சேராத படகின் வீட்டு வாசலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒருமணி நேரத்தில் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் “முதல் பாதி இழுவை” என்றார்கள். ராயபுரத்தில் அப்படிச் சொன்ன ஒருவர் இருந்தார். விசாரித்ததில் அவர் அண்ணா நகரிலிருந்து வந்தவர்.

இன்னும் வலுவான சான்று தேவைப்படுவோர் தோரைக் காண்க. இடியின் கடவுள், பாதி அண்டம் அழிந்தபின் எங்கே போய்ச் சேர்கிறார்? நியூ அஸ்கார்ட் என்ற மீனவக் குப்பத்தில். வாசலில் மெதுவாகப் போகச் சொல்லி ஒரு பலகை. துறையில் படகுகள். உள்ளே தொப்பை தள்ளி, தாடி வளர்ந்து, பீரைக் கையில் பிடித்து, வீடியோ கேம் ஆடும் நண்பர்களோடு தோர். இது தடைக்காலத்தின் நாற்பதாவது நாள் என்று அரங்கில் ஒரு குரல் உடனே அடையாளம் கண்டது. வேலை செய்யத் தெரிந்த உடம்பை வேலையில்லாமல் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை மார்வெல் இவ்வளவு நுட்பமாக வேறெங்கும் காட்டவில்லை. இக்காரணத்தால் இவ்வாய்வாளரின் தரவரிசையில் ‘எண்ட்கேம்’ முதலிடம். இரண்டாமிடம் ‘இன்ஃபினிட்டி வார்’. மூன்றாமிடம் பற்றிப் பிறகு.

‘எண்ட்கேம்’ தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார்; அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். ஸ்டார்க்கின் பழைய குரலுக்குப் பழகிய ரசிகர்கள் கொதித்தது ஊரறிந்த செய்தி. இவ்வாய்வாளரின் குறை வேறு. இத்தனை படங்களில், இத்தனை கோள்களில், ஒரே ஒரு உயிருக்குக்கூடவா மெட்ராஸ் பாஷை வாய்க்கவில்லை? ராக்கெட் என்ற அந்தத் துப்பாக்கி ரக்கூனுக்காவது கொடுத்திருக்கலாம். அதன் முகவெட்டே “இன்னான்ற இப்போ?” என்று கேட்பதற்காக அமைந்தது.

தேதியும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாடு 2019 ஏப்ரல் 18இல் மக்களவைக்கு வாக்களித்தது. எட்டே நாளில் படம். இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொடக்குப் போட்டுக் காட்டிக்கொண்ட கைகளிலெல்லாம் ஆள்காட்டி விரல் நகத்தில் மை இருந்தது.

கேப்டன் அமெரிக்காவின் கேடயத்துக்கு வருவோம். எறிந்தால் சுவரில் பட்டு, ஒருவன் மண்டையில் பட்டு, தூணில் பட்டு, திரும்பக் கைக்கே வருகிறது. இயற்பியல் படித்தவர்கள் இதை நம்ப முடியாது என்கிறார்கள். கேரம் போர்டு பார்த்து வளர்ந்த பகுதியில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024இல் அமெரிக்க மண்ணிலேயே போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்துவந்தார். ‘வட சென்னை’ படத்து அன்பு கையில் கத்தி வருமுன் இருந்தது ஸ்ட்ரைக்கர்தான். எனவே கேப்டனின் ரிபவுண்டு அடியை இங்கே வியப்பதில்லை, மதிப்பெண் போடுகிறார்கள். “கோணம் சரி, பவுடர் பத்தல” என்பது ‘சிவில் வார்’ விமான நிலையச் சண்டைக்குக் கிடைத்த மதிப்பீடு.

விதிவிலக்குகளைத் தள்ளிப்போட இனி வழியில்லை. ‘பிளாக் பாந்தர்’ பிப்ரவரியில் வந்தது. ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ 2021 டிசம்பரில், கடல் கொந்தளிக்கும் மாதத்தில், அம்மாதமும் பல நாள் படகு போகாது என்பதால் அதைத் துணைத் தடைக்காலமாகக் கொள்க. ‘விண்டர் சோல்ஜர்’ 2014 ஏப்ரல் 4, பதினொரு நாள் முந்திவிட்டது. மூன்றாமிடம் அதற்கே. காரணம் அந்த லிஃப்ட் சண்டை. பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்க, யார் முதலில் கை வைக்கப்போகிறார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பார்க்கும் அந்த அரை நிமிடம், திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறிய எவருக்கும் புதிதன்று. அங்கேயும் யாருக்கும் கை அசைக்க இடமிருக்காது; சில்லறை எடுக்கும்போதுதான் சண்டை தொடங்கும்.

நம் ஊர்ப் பொதுப் பேரண்டமான லோகேஷ் கனகராஜ் படங்களையும் இவ்விதிக்குள் கொண்டுவர முயன்றேன். ‘கைதி’ தீபாவளிக்கு வந்தது, ‘லியோ’ ஆயுத பூஜையை ஒட்டி. நடுவில் வந்த ‘விக்ரம்’ மட்டும் 2022 ஜூன் 3, அதாவது தடை நீங்கப் பதினொரு நாள் இருக்கையில். மூன்றில் காசிமேடு அதிகம் பேசியது எதை என்று சொல்லவேண்டியதில்லை. கன்டெய்னர் தொலைந்துபோகும் கதை துறைமுகத்துக்காரனுக்கு வீட்டுக் கதை.

கடைசியாக வால்காட்சி. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் அந்தத் துண்டுக் காட்சிக்காகக் காத்திருப்பவனே உண்மையான ரசிகன் என்பது கோட்பாடு. நடைமுறையில், பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அரங்கில் 2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ முடிவில் தானோஸ் முகத்தைத் திருப்பிச் சிரிக்குமுன் விளக்குப் போட்டு, கதவைத் திறந்து, துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். சண்டை முடிந்த களைப்பில் ஆறு பேரும் பேசாமல் ஷவர்மா தின்னும் காட்சியைப் பிற்பாடு வீட்டில்தான் பார்த்தேன். மீன் இறக்கிவிட்டு வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில் இப்படித்தான் தின்பார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

‘எண்ட்கேம்’ முதல் நாள். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலங்களைப் புரட்டிப் பார்த்து ஒன்றில் மட்டும் வெற்றி கண்டாரே, எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக நேரத்துக்கு அரங்கு சேர்வதும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. சேர்ந்துவிட்டோம். 181 நிமிடம் ஓடி, பெயர்கள் ஓடி, எல்லோரும் போய், ஏழெட்டுப் பேர் மட்டும் வால்காட்சிக்குக் காத்திருந்தோம். காட்சி வரவில்லை. கறுப்புத் திரையில் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை மட்டும் வந்தது. 2008இல் ஸ்டார்க் குகைக்குள் தன் முதல் கவசத்தை அடித்த ஓசை என்று நான் விளக்கத் தொடங்கினேன். பக்கத்து இருக்கைத் தம்பி திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை செய்கிறவர். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சுத்தி சின்னது அண்ணா. ஆனா ஷீட்டு நல்ல கனம்.”