சோடா பாட்டிலும் கட்டைவிரலும்

2018 ஜனவரி 7. ராஜபாளையத்தில் தினமணி நாளிதழ் நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையை வாசித்தார். ஆண்டாளைத் தேவதாசி என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்வதாக நடுவில் ஒரு மேற்கோள். அவ்வளவுதான், தமிழ்நாட்டின் கட்டைவிரல்கள் அத்தனையும் களத்தில் குதித்துவிட்டன.

அந்த ஆய்வை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். 1978இல் அதை வெளியிட்டது சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம். கவிஞர் சொன்னதோ அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம்! சரிபார்க்க ஒரு சாயங்காலம் போதும். யாருக்கு வேண்டும் அது? ‘வெள்ளைக்காரனே சொல்லிட்டான்’ என்று ஒரு கோஷ்டி தொடை தட்டியது. ‘வெள்ளைக்காரன் சதி’ என்று இன்னொரு கோஷ்டி எகிறியது. மலையாளத்து வாத்தியார்கள் இரண்டு பேரையும் யாரும் சீண்டவில்லை. ஆண்டாள் எங்கள் தாய் என்று அழுத வாய்களே கவிஞரைப் பெற்ற தாயைச் சந்திக்கு இழுத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்றார். மறுநிமிடம் மீம் பட்டறைகளில் இரண்டு ஷிஃப்ட் வேலை. திருப்பாவையைப் புரட்டிப் பார்த்தவர் மட்டும் எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே, ஜனவரி 20ஆம் தேதி, அரசு பஸ் கட்டணத்தை ஏற்றியது. டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாயாக இருந்தது 5 ரூபாயானது. ராஜபாளையத்து மில்லுக்கு ஷிஃப்ட் போகிற பெண்ணும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவரும் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்கள். ஆண்டாள் பக்தருக்கும் அதே டிக்கெட்தான், பகுத்தறிவாளருக்கும் அதே டிக்கெட்தான். ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பெயர் தெரியாமல் திட்டிக்கொண்டே போயிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள்தான் வகுப்பை விட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். மாதம் முடிவதற்குள் அந்த 5 ரூபாய் 4 ஆனது. ஆக, கோட்டையின் மனசு ஒரு ரூபாய் அளவுக்காவது அசைந்தது. இத்தனை கோடி பதிவு போட்ட புண்ணியவான்களே, நீங்கள் யார் மனசைக் காலணாவுக்கு அசைத்தீர்கள்?

அதே மாதம் 23ஆம் தேதி சென்னையில் ஒரு நூல் வெளியீடு. தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் காஞ்சி மடத்து விஜயேந்திரர் எழுந்திருக்கவில்லை. தியானத்தில் இருந்தார் என்றது மடம். ஒரே ராத்திரியில் இரண்டு அணியும் வசனத் தாளைக் கைமாற்றிக்கொண்டன. ‘மனம் புண்பட்டது’ என்று கதறியவர்கள், ‘இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா’ என்றார்கள். ‘இதற்கெல்லாமா புண்படுவது’ என்று சிரித்தவர்களுக்கு இப்போது மனம் புண்பட்டது. கருத்து மாறாது என்று யார் சொன்னது? இரண்டே வாரத்தில் மாறியதே! ஆள்தான் மாறவில்லை.

வாதம் செய்கிறோம் என்று பேர். எதிராளிக்காகவா எழுதுகிறோம்? பின்னால் நின்று விசிலடிக்கிற நம்ம பயல்களுக்காக. இதைத் தெரிந்துதான் கட்சிகள் ஐ.டி. விங் என்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. நாமோ சம்பளமில்லாமல், சொந்த டேட்டாவில், அந்த வேலையைச் செய்கிற கொத்தடிமைகள்.

2024 டிசம்பரில் மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் அர்த்தமண்டபத்தில் இசையமைப்பாளர் இளையராஜாவைத் தடுத்தார்கள் என்று செய்தி பற்றியது. அர்ச்சகர், ஜீயர் போன்றோர் தவிர மற்றவர்களுக்கு அங்கே அனுமதியில்லை என்றது அறநிலையத் துறை. அப்படியானால் அர்ச்சகர் யார் ஆகலாம் என்பதல்லவா அடுத்த கேள்வி? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970இல் சட்டம் போட்டதிலிருந்து நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போராட முதுகு வேண்டும், கட்டைவிரல் போதாது. கடைசியில் இளையராஜாவே வதந்தியை நம்பாதீர்கள் என்றார். சம்பந்தப்பட்டவரே சொன்னாலும் விடுவோமா? உங்களை அவமானப்படுத்தியது உங்களுக்கே தெரியவில்லை என்று ஒரு கூட்டம் அவருக்கே பாடம் எடுத்தது. பார்த்தீர்களா, அவரே எங்கள் ஆள் என்று மறு கூட்டம் குதித்தது. இரண்டு கூட்டமும் அன்று ராத்திரி அவர் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருக்கும்.