பரணில் ஒரு லாரிப் பட்டை

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு வீட்டின் பரணில், கொலுப் பெட்டிக்கும் ஓட்டை வெண்கலப் பானைக்கும் நடுவே மூன்றடி நீள இரும்புப் பட்டை ஒன்று ஒன்பது வருடமாகப் படுத்திருந்தது. ஏதோ ஒரு லாரியின் வில்லிலிருந்து கழன்றது. லேசான வளைவோடு கிடந்ததால் ஊருக்கேற்ற சயனக் கோலம். அதற்குச் சொந்தக்காரர் இந்தக் கட்டுரையை எழுதுகிற ஆசாமிதான்.

திருப்பாச்சேத்தி அரிவாளே லாரிப் பட்டையில் அடிப்பதுதான் என்று யாரோ சொல்ல, அவருக்கு ஆசை பற்றிக்கொண்டது. பாலக்கரைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கி, தினத்தாளில் சுற்றி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். லக்கேஜ் போடுவதா, போலீசைக் கூப்பிடுவதா என்று கண்டக்டர் சற்று நேரம் யோசித்தார். வீட்டில் அந்தச் சந்தேகமெல்லாம் எழவில்லை. “ஏன்னா, வாழைத்தண்டு நறுக்கறதுக்கு லாரியா?” என்ற ஒரே கேள்விதான்.

நல்ல கத்திக்கு நல்ல இரும்பு வேண்டும் என்று அவர் விளக்கினார். அன்றைக்குப் பரண் ஏறிய பட்டை அப்புறம் வருடக்கணக்கில் இறங்கவில்லை.

இந்த வியாதி அவருக்கு மட்டும் வந்ததில்லை. உலகெங்கும் கத்தி செய்கிறவர்களின் பட்டறையில் செய்த கத்தியைவிடச் செய்யாத கத்திதான் அதிகம். அலமாரியில் கருங்காலித் துண்டுகள், சைபீரியப் பனியிலிருந்து தோண்டிய மாமூத் தந்தம், அப்புறம் நம்மூர்க் கடமான் கொம்பு. தென்மாவட்டத்துக்காரர்கள் மிளா என்பார்களே, அதுதான். வருடா வருடம் உதிர்ந்து முளைக்கிற இந்தக் கொம்பில் மற்ற மான் கொம்புகளைப் போல நடுவில் சோற்றி அதிகம் இருக்காது, கெட்டியாக இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக்காரர்கள் பேனாக்கத்திக்குப் பிடி போட அதைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிற்பாடு உதிர்ந்த கொம்பை ஏற்றுமதி செய்வதும் நின்றுபோனது. அன்றிலிருந்து வெளிநாட்டில் பழைய கொம்பு வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி, அறுக்க மனசு வருவதில்லை. கல்யாணப் பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைப்பதற்காக மட்டும் பீரோவிலிருந்து எடுக்கிற மாதிரி.

ஆனால் கத்திக்காரர்களை உண்மையிலேயே பித்தாக அடித்த சரக்கு நம் பக்கத்து உருக்கு. கன்னடத்தில் ‘உக்கு’ என்றதை வெள்ளைக்காரர்கள் எப்படியோ ‘வூட்ஸ்’ என்று எழுதிவிட்டார்கள். 1794-ல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற டாக்டர், லண்டனில் ராயல் சொசைட்டித் தலைவராக இருந்த ஜோசப் பேங்ஸுக்கு அதில் மாதிரி அனுப்பினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் ஒரு துண்டை அடித்துப் பேனாக்கத்தி செய்து பார்த்தார். அவ்வளவுதான், மனுஷன் சொக்கிப்போனார். ஐரோப்பாவின் முதல்தர எஃகைவிட இந்திய எஃகே தனக்கு உசத்தி என்று கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார்.

அது இங்கே எப்படித் தயாரானது என்பதைக் கேட்டால் லண்டன்காரருக்கு மயக்கமே வந்திருக்கும். உமி கலந்த களிமண் மூசை, அதற்குள் இரும்புத் துண்டு, கூடவே கொஞ்சம் காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை. வாயை மண்ணால் பூசி, உலையில் வைத்துச் சில மணி நேரம் துருத்தி ஊத வேண்டும். சேலம் ஜில்லாவில் பார்த்ததாக ஜோசையா ஹீத் எழுதிவைத்த பக்குவம் இது. கட்டையிலும் இலையிலும் இருக்கிற கார்பன் இரும்பில் இறங்கி, ஒன்றரை சதவீதம் வாக்கில் நின்றுவிடும். எருக்கு இன்றைக்கும் திருச்சி பைபாஸ் ஓரத்தில் கேட்பாரற்று வளர்கிறது. ஆடு கூட அதிகம் சீண்டுவதில்லை.

இதே ஹீத்துதான் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். சேலத்துத் தாது காவிரியிலும் கொள்ளிடத்திலுமாகப் படகேறிக் கடலோரத்துக்குப் போனது. அதாவது, ரங்கநாதர் தெற்கே பார்த்துப் படுத்திருக்க, அவர் முதுகுப் பக்கமாக உலகத்தரச் சரக்கு சத்தமில்லாமல் நழுவியிருக்கிறது.

ஸ்டோடார்ட் இந்த எஃகைப் போலச் செய்துகாட்ட ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார். கொல்லர் மகன், பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் போவதற்கு முன் ஃபாரடே ஊதியது இந்த உலையைத்தான். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று தங்க நகைக் கடைக்காரரே யோசிக்கிற பொருளையெல்லாம் எஃகோடு கலந்தார்கள். 1820-லும் 1822-லும் கட்டுரை வெளியிட்டார்கள். 1823-ல் ஸ்டோடார்ட் காலமானார். கொஞ்ச நாளில் வேலையும் நின்றது. மிச்சத் துண்டுகள் ஒரு மரப்பெட்டிக்குள் போயின. சுமார் நூறு வருடம் கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற எஃகு நிபுணர் ஆராய எடுத்தபோது அதில் 79 துண்டுகள் இருந்தன. ஃபாரடேயின் பரணே அப்படி இருக்கும்போது, சித்திரை வீதிப் பரணைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. இந்த வாதம் வீட்டில் எடுபடவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்று ஒரு கத்திக் கொல்லர். குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்தவர். பேராசிரியர் வெர்ஹோவனோடு சேர்ந்து, இதே உருக்கில் அடித்த பழைய டமாஸ்கஸ் வாள்களில் தண்ணீர் அலை போல ஓடும் வரி எங்கிருந்து வந்தது என்று துருவினார். 1998-ல் அவர்கள் சொன்ன பதில்: தாதுவில் இருந்த அழுக்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வனேடியம்தான் வரி போடுகிறதாம். குறிப்பிட்ட சுரங்கத்துத் தாது தீர்ந்ததும் வித்தையும் தீர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கத்திக்காரர்களைக் கேட்கவா வேண்டும்? இந்த இரும்பு வேண்டும், அந்த ஊர் இரும்புதான் வேண்டும் என்று மேலும் நாலு மூட்டை சேர்த்துக்கொண்டார்கள்.

போன தையில் நம்மவர் ஒரு வழியாகத் துணிந்து, பட்டையை உறையூர்ப் பக்கம் ஓர் ஆசாரியிடம் எடுத்துப் போனார். ஆசாரி அதை வாங்கவில்லை. தரையில் போடச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். சாணைக் கல்லில் ஓரத்தை ஒரு நொடி வைத்தார். பொறி கொத்துக் கொத்தாகப் பூத்தது.

“எஃகு நல்ல எஃகுதான் சாமி. ஆனா எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடி அலுத்ததோ! உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம். காய்ச்சித் தோய்ச்சாத்தான் தெரியும். அடிச்சிரட்டுமா?”

நம்மவருக்கு அடிவயிறு கலங்கியது. அடிக்காதவரை அது குறையே இல்லாத கத்தி. அடித்தபின் அது வெறும் கத்தி, அல்லது இரண்டு துண்டு. பேச்சை மாற்றுவதற்காக, உலைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த குவியலைக் காட்டி, அதெல்லாம் என்ன என்று கேட்டார்.

ஆசாரி சாக்கை விலக்கினார். இருபது, இருபத்தைந்து பட்டைகள். தேய்ந்த அரங்கள். அடியில் எண்ணெய்த் துணி சுற்றி ஒரு தனிக் கட்டி.

“அது எங்கப்பா காலத்துச் சரக்கு. கை வைக்கிறதில்லை.”

“எதுக்கு வச்சிருக்கீங்க?”

“நல்ல ஆர்டரா ஒண்ணு வரட்டும் சாமி.”

இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அடித்தளத்தோடு விட்டுவிட்டுச் சுமார் நானூறு வருடம் மொட்டைக் கோபுரம் என்றே கூப்பிட்டு, 1987-ல் 236 அடிக்கு எழுப்பி முடித்த ஊர் இது. ஆர்டர் வரும்.

பட்டை மறுபடி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பியது. ஆனால் பரண் ஏறவில்லை. மாசி பிறந்ததும் மொட்டை மாடியில் வேஷ்டி விரித்து வடாம் பிழிந்தாயிற்று. காவிரிக் காற்று ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். வேஷ்டி பறக்காமல் இருக்கக் கனமாக ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டு அம்மாள் கூடத்தில் சாத்தியிருந்த பட்டையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறினார். ஒன்பது வருடத்தில் அதற்குக் கிடைத்த முதல் வேலை. நன்றாகவே பார்த்தது. சாயங்காலம் எடுத்தபோது வேஷ்டி ஓரத்தில் மூன்றடி நீளத்துக்குத் துருக்கறை, நல்ல வளைவோடு.

வேஷ்டி நம்மவருடையது.