பொருள்வயிற் பிரிந்தவர்

பாலை நிலத்தைத் தலைவன் கடந்து செல்வதற்கு நம் பழைய புலவர்கள் கற்பித்த காரணங்களுள் தலையாயது பொருள் தேடுதல். மனையாள் வீட்டிலிருந்து கண்ணீர் உகுக்க, அவன் கள்ளியும் பரற்கற்களும் நிறைந்த சுரத்தின் வழியே, திரவியம் ஒன்றையே சிந்தையில் இருத்திக்கொண்டு நடப்பான். அந்த வம்சம் அற்றுப்போயிற்று என்றே நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், ஒரு மாசி மாதத்தில், சில வாரங்கள் தங்க நேர்ந்தபோதுதான் அது அற்றுப்போகவில்லை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டில் சௌக்கியமாக வசித்துவருகிறது என்பதைக் கண்டேன். மனையாள் மட்டும் இக்காலத்தில் கண்ணீர் உகுப்பதில்லை. "மத்தியானம் வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும்" என்று அந்த அம்மாள் வாசல் வரை வந்து, முகமலர்ச்சியோடு வழியனுப்பிவைக்கிறாள்.

இத்தகையவரை அந்நாட்டார் ஜியோகேச்சர் என்று அழைக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயோ ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மாத்திரம் உலகத்துக்கு அறிவித்துவிட, அவரை முன்பின் அறியாத மற்றொருவர் கையில் ஜி.பி.எஸ். கருவியுடன் புறப்பட்டுப் போய், கல்லையும் முள்ளையும் துழாவிக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் ஏட்டில் கையெழுத்திட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதே இந்த விளையாட்டு. பெட்டியை எடுத்துவரக் கூடாதா என்றால், கூடாது. பின்னே எதற்காக இவ்வளவு பிரயாசை என்று கேட்பவன் இவர்கள் பாஷையில் 'மகிள்'. ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாத பாமர ஜனங்களுக்கு வழங்கும் அந்தப் பெயரை, மிச்சமுள்ள மானிட வர்க்கம் முழுவதுக்கும் இவர்கள் சூட்டிவிட்டார்கள்.

இந்த வித்தைக்கு ஒரு புராணமும் உண்டு; நம் அடுத்த வீட்டு அன்பர் அதை ஸ்தல புராணம் சொல்லும் பட்டரின் சிரத்தையோடு சொல்லுவார். வானத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சமிக்ஞையில், பொதுஜனங்கள் இடத்தை நுட்பமாக அறிந்துவிடாதபடி, அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தது. ஏறத்தாழ நூறு மீட்டர் தவறு நேரும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவால் அந்தப் பிழை ஒரே நள்ளிரவில் நீக்கப்பட்டது. உலகத்தார் இதனால் கப்பலுக்கு என்ன லாபம், விவசாயத்துக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டிருக்க, ஆரிகன் மாநிலத்து டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் மே 3-ஆம் தேதி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போய் மறைத்துவைத்தார். அதில் புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், அவரைவிதை அடைத்த தகர டப்பா ஒன்று. ஓரிரு நாளிலேயே ஒருவர் தேடிப்போய்க் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறார் ஒருவர். அந்த அவரைவிதை டப்பாவோ புராதனச் சின்னமாகப் போற்றப்பட்டு, ஊர் ஊராக யாத்திரை போயிருக்கிறது. தின்னப்படாமல் அவ்வளவு கீர்த்தி அடைந்த அவரை வேறொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

அன்பருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். தலை முழு வழுக்கை. மூக்கின்மேல் தடித்த கண்ணாடி. மற்றவர்கள் உலகத்தைப் பார்ப்பதுபோல் அவர் பார்ப்பதில்லை. கடைகளின் முன்னே வண்டி நிறுத்துமிடத்து விளக்குக் கம்பங்களின் அடியை மூடியிருக்கும் தகர உறையைக் கண்டால், நின்று அதைத் தூக்கிப் பாராமல் அவரால் மேலே நடக்க முடியாது; அதனடியில் சிறு டப்பாக்களை ஒளிப்பது இவர்களிடையே நெடுநாளைய வழக்கமாம். மனைவியோடு கடைக்குப் போனவர் காய்கறிப் பையை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு நாலு கம்பங்களையும் பரிசீலித்து வந்ததை நானே கண்டேன். புதிய பெட்டி ஒன்று வைக்கப்பட்டதாக நள்ளிரவில் செய்தி வந்தால், முதலில் கண்டவர் என்ற பிருதுக்காக, உடுத்த உடையோடு வண்டியேறிவிடுவார். போய்ச் சேர்ந்தால், அங்கே வேறொரு கிழவர் டார்ச் விளக்கும் வெற்றிப் புன்னகையுமாக நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவு பித்துக்கொண்ட மனிதர் விதிகளின் விஷயத்தில் வைதீகர். பெட்டியை மண்ணில் புதைப்பது தோஷம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பண்டத்தை எடுத்தால், அதே மதிப்புள்ள அல்லது அதற்கு மேற்பட்ட பண்டம் ஒன்றை வைத்தாக வேண்டும். கையெழுத்துப் போடாமல் கண்டேன் என்று சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய பாதகம் அவருக்குத் தெரியாது. யாரும் தணிக்கை செய்யாத கணக்கு ஒன்றை இவ்வளவு சுத்தமாக எழுதிவைத்திருக்கும் பேர்வழியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு நாள் விடியற்காலை என்னையும் உடன் அழைத்தார். எந்த மலை என்பதை எழுதுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருப்பதால், பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள வறண்ட மலைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புறப்படுமுன் பையைப் பரப்பிச் சரிபார்த்தார்: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஊன்றுகோல், கருவி, அதற்கு மாற்று பேட்டரி, சாமணம், ஒரு சீப்பு. வழுக்கைத் தலையருக்குச் சீப்பு எதற்கென்று கேட்பது மரியாதையாகாது என்று சும்மா இருந்துவிட்டேன்.

மாசி மாதமாதலால் வெயில் இதமாகவே இருந்தது. கோடையில் இந்த ஊர் வேறு. 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பத்தின் உச்சம் 43 டிகிரிக்குக் குறையாமல் காய்ந்து தீர்த்தது. உஷ்ணம் மிகுந்த நாட்களில் சில மலைப்பாதைகளை நகர சபையாரே பகலில் அடைத்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் அன்பர் விளக்குக் கம்பங்களோடு திருப்தியடைந்துவிடுவார்.

பாதையின் இருபுறமும் சவாரோ என்னும் பெருங்கள்ளிகள், கையைத் தூக்கிச் சரணடைந்த கைதிகளைப்போல் நின்றன. ஒரு கை முளைக்கவே ஐம்பது, அறுபது ஆண்டு ஆகுமாம். அவற்றின் நிதானத்தை நான் வியந்துகொண்டிருக்கையில், கிழக்கே தொலைவில் நீலமாகத் தெரிந்த சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரை அன்பர் அலட்சியமாகக் கோலால் சுட்டிக்காட்டினார். ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தைக் கண்டதாகவும், அந்த ரகசியத்தோடு 1891-இல் கண்ணை மூடியதாகவும் கதை. அன்றுமுதல் அதைத் தேடிப்போய்ச் சிலர் உயிரையும் விட்டிருக்கிறார்கள். "நீங்கள் தேடவில்லையா?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கம் சரிதான். அட்சரேகை கொடுக்கவில்லையே!" என்றார்.

கருவியிலே ஓர் அம்பு உண்டு. அது பறவைக்கு வழி சொல்லும். கால் படைத்தவனுக்குச் சொல்லாது. இன்னும் 300 மீட்டர்தான் என்று அது சாதித்தபோது, எங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனோம். அந்தச் சுற்றிலேதான் சீப்பின் பிரயோஜனம் வெளிப்பட்டது. அங்கே சோயா என்றொரு கள்ளி உண்டு. நாம் குழம்பில் போடும் சோயாவுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. பஞ்சு பொம்மையைப்போல் மிருதுவாகக் காட்சி தரும் அதன் கணு ஒன்று, நான் லேசாக உரசிய மாத்திரத்தில், செடியைத் துறந்து என் ஆடுசதையைப் பற்றிக்கொண்டது. கையால் பிடுங்கப் போனேன். "கை வைக்காதீர்கள், கையும் போய்விடும்!" என்று கூவிய அன்பர், சீப்பைக் கணுவுக்கும் சதைக்கும் இடையே செருகி ஒரே நெம்பில் அதை அப்பால் எறிந்தார். எஞ்சிய முட்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக அவர் களைந்தபோது, தலைமயிருக்கும் சீப்புக்கும் தொடர்பு கற்பித்தது என் அறியாமை என்பதை உணர்ந்தேன்.

குறித்த ஸ்தானத்தை அடைந்ததும் அம்பு பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்றது. இனிக் கருவி உதவாதாம். சில மீட்டர் வட்டத்துக்குள் மனித புத்திதான் வேலை செய்ய வேண்டும். இயற்கையாக விழுந்த கற்கள் எவை, ஒருவர் அடுக்கிவைத்த கற்கள் எவை என்று அன்பர் ரத்தின வியாபாரியைப்போல் ஒவ்வொன்றாக நோக்கினார். பொந்துகளில் கையை விடாமல் முதலில் கோலை விட்டார். கிலுகிலுப்பைப் பாம்புக்கும் தேளுக்கும் அவை குடியிருப்பு.

அந்தச் சமயத்தில் இரண்டு இளைஞர்கள் மேலேறி வந்துவிட்டார்கள். அன்பர் சட்டென்று மண்டியிட்டு ஜோட்டு நாடாவை அவிழ்த்துக் கட்டலானார். அவர்கள் படம் எடுத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு ஜோட்டின் நாடாவையும் மும்முறை கட்டியாயிற்று. இளைஞர்களில் ஒருவன் இரக்கங்கொண்டு, "ஏதாவது தொலைந்துவிட்டதா, ஐயா?" என்று கேட்டான். "ஆமாம், காண்டாக்ட் லென்ஸ்" என்றார் அன்பர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. நல்ல பிள்ளைகள், கால் மணி நேரம் எங்களோடு சேர்ந்து தேடிவிட்டுத்தான் இறங்கிப்போனார்கள்.

பெட்டி ஐந்தடி தள்ளி, ஒரு பாறையின் இடுக்கில், மூன்று கற்களின் மறைவில் இருந்தது. பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி. அன்பர் நடுங்கும் விரல்களால் தாழ்ப்பாளைத் திறந்தார். உள்ளே ஒரு பச்சை பிளாஸ்டிக் தவளை, இரண்டு கோலிக் குண்டு, கனடா நாட்டு நாணயம் ஒன்று, துருப்பிடித்த சாவி வளையம், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தான் என்று நம்மவர்கள் பரிகசிப்பார்கள். இங்கே கெல்லுவதும் விதிப்படி குற்றம், கிடைப்பதும் தவளை. ஆனால் அன்பரின் முகத்தில் அப்போது தோன்றிய தேஜஸை வால்ட்ஸ் தம் தங்கத்தைக் கண்டபோதும் அடைந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஏட்டை விரித்துப் பையைத் துழாவியவர் திடீரென்று வெளிறிப்போனார். தண்ணீர், பேட்டரி, சாமணம், சீப்பு எல்லாம் இருந்தன. பேனா இல்லை. என் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். எழுதிப் பிழைக்கும் இந்த ஆயுளில் என் பேனாவுக்கு அவ்வளவு மதிப்பை வேறு யாரும் அளித்ததில்லை. தம் புனைபெயரையும் தேதியையும் எழுதி, கீழே பெட்டிக்கு நன்றி என்பதன் சுருக்கமாக நாலு எழுத்து எழுதினார். நான் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துத் தவளையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, இரண்டின் மதிப்பையும் நெடுநேரம் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்து அனுமதி அளித்தார்.

திரும்பியதும் அந்த அம்மாள், "என்ன கிடைத்தது?" என்று கேட்டாள். "கையெழுத்துப் போட்டேன்" என்றார் அவர் கம்பீரமாக. தவளை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது.

வாசகர்களில் யாரேனும் அந்தப் பக்கத்து மலைகளுக்குப் போக நேர்ந்தால் ஒரு விண்ணப்பம். மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் பாறையடியில் மண்டியிட்டுக் காண்டாக்ட் லென்ஸைத் தேடிக்கொண்டிருக்கக் கண்டால், தயவுசெய்து உதவிக்குப் போகாதீர்கள். பேனா வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் இறங்கிவிடுங்கள்.