முதலில் ஷவல், பிறகு குட் மார்னிங்

ஜப்பானின் பனி ஊர்களில் ஆங்கிலம் சொல்லித்தரும் வெளிநாட்டு ஆசிரியருக்கு, வகுப்பு இல்லாத நேரத்தில் என்னதான் வேலை?

பனி அள்ளுவது!

அவோமோரி நகரில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் சராசரி 5 மீட்டரைத் தாண்டும். ராத்திரி கொட்டியிருந்தால், ஷவலை எடுத்து வாசலையும் காரையும் மீட்ட பிறகுதான் வகுப்பறையில் 'குட் மார்னிங்'. நிகாத்தா மாகாணத்தின் நாகவோகாவில் வேலை கிடைத்தவர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர். அங்கே சாலை நடுவே பதித்த குழாய்களிலிருந்து நிலத்தடி நீர் பீறிட்டுப் பனியைக் கரைத்துவிடும். அந்த நீரிலுள்ள இரும்பால் தெருவே துருநிறத்தில் கிடக்கும்!

இந்த ஆசிரியர்களில் பலரை அழைத்துவருவது, 1987-இல் தொடங்கிய 'ஜெட்' என்ற அரசுத் திட்டம். ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்தால் அதிகபட்சம் 5 ஆண்டு. பட்டம் வேண்டும், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அப்படியானால் மொழி எங்கே பழகும்? மதியச் சாப்பாட்டில். வெள்ளை மேலங்கி மாட்டிய பிள்ளைகளே பரிமாறுவார்கள், பள்ளியைக் கூட்டித் துடைப்பதும் அவர்களே. ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு, துணியை எடுத்துத் துடைக்க இறங்கினால், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் பேச்சுக்கு வரும். பாடப்புத்தகத்தைவிட அந்த நேரம் அருமையானது.

வகுப்பறைக்குத் திரும்பினால், 2020 முதல் தொடக்கப்பள்ளி 5, 6-ஆம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடம்.