வீக் ஆஃப் அப்பா

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்கும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் சிவப்பாகத் தெரியும் ஒரு தேதி, அவ்வளவுதான். உருக்கு உலைக்குக் கிழமை தெரியாது. அப்பாவின் வார விடுமுறை சுழற்சியில் வரும்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நாளாகப் பார்த்து வரும்.

ஆறு நாளும் அவர் வாயில் ஒரே பாட்டு: "ஒரு நாளாவது வீட்ல புள்ளைங்களோட நிம்மதியா உக்காரணும்." அந்த நாள் வந்ததும் விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். கம்பெனி பஸ் முக்குக்கு வரும் நேரம் உடம்புக்குத் தெரியும், ஆஃப் என்பது தெரியாது. எழுந்தவருக்கு மற்றவர்கள் தூங்குவது பொறுக்காது. மோட்டாரைப் போடுவார். அதன் சத்தத்தில் ஏதோ கோளாறு கேட்கும். ஸ்பானர் வெளியே வரும். நிம்மதி ஆரம்பமாகிவிட்டது.

முதல் பலி சமையலறை. கம்பெனியில் பொருட்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஃபைவ் எஸ் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர் அல்லவா? ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூளும் போர்ன்விட்டா டப்பாவில் துவரம்பருப்பும் இருப்பதை அவரால் சகிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டி, உயர வாரியாக நிறுத்திவிட்டு, காஸ் சிலிண்டரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் போடுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடுகை எடுத்துவிடுகிற அம்மா, அன்று கண்ணைத் திறந்துகொண்டு தேடுவார். "ஏங்க, நான் உங்க கம்பெனிக்கு வந்து மெஷினை எல்லாம் இடம் மாத்தி வெச்சா சும்மா இருப்பீங்களா?" பதில் வராது. அதற்குள் மிக்சியைக் கழற்றியிருப்பார்.

சாப்பாடு தனிக் கூத்து. கேன்டீனில் அரை மணிக்குள் வரிசையில் நின்று, தட்டு வாங்கி, தின்று, கழுவி வைத்த பழக்கம். வீட்டில் வரிசை இல்லாததால் எட்டு நிமிடம். ரசம் அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் கை கழுவிவிடுவார். அவருக்கென்று வாங்கிய வஞ்சிரம் அப்போதுதான் கல்லில் திரும்பிக்கொண்டிருக்கும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வும், கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளமும் தந்தது. இவர் முன்னதை மறந்தார், பின்னதை மனப்பாடம் செய்தார். டிவியில் படம் ஓடினால், "ரெண்டரை மணி நேரம். ஓ.டி. பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து, இடைவேளைக்குள் ஸ்கூல் வேன் காசைச் சேர்த்துவிடுவார். கிண்டல் செய்கிறேனே ஒழிய, குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஓ.டி. பார்க்காமல் வீட்டுக் கடன் தவணை கட்டுகிற ஆள் இந்தப் பக்கம் இருந்தால் காட்டுங்கள்.

அந்த வீடு வந்த கதையும் உண்டு. சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய் விடாமல் கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. சூப்பர்வைசரைக் கெஞ்சி, வீக் ஆஃபைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி ஆறு வாரமும் போனார். முருகன் வீட்டைக் கொடுத்தார். அதில் உட்காரும் வரத்தைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும் போல.

ஒரு நாள் ஆஃபுக்கே இந்தப் பாடு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்தில் 4 நாள் வேலை, 3 நாள் லீவு என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சங்கங்களுக்குக் கவலை அந்த 12 மணி நேரம். வீட்டு அம்மாக்களைக் கதிகலங்க வைத்தது அந்த 3 நாள்.

ஒரே ஒரு சக்திதான் இவரை உட்கார வைத்திருக்கிறது. மே மாத விடுமுறையில் ஒரு நாள், வீக் ஆஃபும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பும் சேர்ந்து வந்தன. காலை ஒன்பதுக்கு கரண்ட் போயிற்று. மோட்டார் இல்லை, மிக்சி இல்லை. பத்தரைக்குப் போனும் செத்தது. புழுக்கம் தாங்காமல் வாசற்படிக்கு வந்தவர் முன்னால், அம்மா ஒரு குலை நுங்கை வைத்தார். அவசரத்துக்கு மசியாத சரக்கு அது. அழுத்தினால் தண்ணீர் சட்டையில் பீய்ச்சும்; தோலை இழுத்தால் பாதிச் சதையோடு வரும். நான்கைந்தைப் பாழாக்கிய பிறகு கட்டைவிரல் பொறுமை கற்றுக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தோலுரித்து மகள் வாயில் போட்டார். அவள் பள்ளியில் நடந்த ஒரு சண்டையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். "அப்புறம்?" என்று இவரே கேட்டார்! நுங்குக் கூந்தலில் வண்டி கட்டி, தெருக்கோடி வரை ஓட்டியும் காட்டினார்.

இரண்டு மணிக்கு கரண்ட் வந்தது. "பாப்பா, அந்த ஸ்பானரை எடு" என்று எழுந்தார்.

மறுநாள் அம்மா லைன்மேன் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார். எதற்கு என்றவரிடம், "கரண்ட் போனா கேக்கத்தான்" என்றார். போகாவிட்டால் கேட்பதற்கு என்று சொல்லவில்லை.