உறையணும், ஆனா உறையக் கூடாது

மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்க இரண்டு டாக்டர்கள் வருவார்கள். ஒருவர் தலைமாட்டில் நிற்பார், இன்னொருவர் கால்மாட்டில். மண்டைக்குள் ரத்தம் கசிந்துவிடக் கூடாதே என்பது தலைமாட்டுக்காரரின் கவலை. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அது பிய்ந்து போய் நுரையீரலை அடைத்துவிடக் கூடாதே என்பது கால்மாட்டுக்காரரின் கவலை. ஒருவருக்கு ரத்தம் உறைய வேண்டும், மற்றவருக்கு உறையக் கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே மத்தளம், மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார்.

அவருக்கு வந்தது மெனிஞ்சியோமா. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் வளரும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எடுத்தாகிவிட்டது. தலையை மழித்து, வெட்டிய இடத்தில் பின் அடித்திருந்தார்கள். பக்கத்து வார்டில் யாரையோ பார்க்க வந்த ஒருவர், வராந்தாவில் நடந்துகொண்டிருந்த வாத்தியாரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "பழனியா சார், திருப்பதியா?" என்று கேட்டார். "நியூரோ வார்டு. வேண்டுதல் கொஞ்சம் பெருசு" என்றார் வாத்தியார். அப்போதே மூளை சரியாக வேலை செய்கிறது என்று வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தம் ஏன் தேவையில்லாத இடத்தில் உறைகிறது என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரில் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: ஓட்டம் தேங்குவது, ரத்தக்குழாய்ச் சுவர் அடிபடுவது, ரத்தமே உறையத் தயாராக இருப்பது. மணிக்கணக்கில் மேஜையில் அசையாமல் கிடந்த மூளை நோயாளி இதில் நல்ல மதிப்பெண் வாங்குவார். அதிலும் மூளைத் திசுவிலேயே ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள் ஏராளம். 1935இல் அமெரிக்காவின் ஆர்மண்ட் குவிக், ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்க ஒரு சோதனையைக் கண்டுபிடித்தபோது அதற்குப் பயன்பட்டது முயலின் மூளைதான். ஃபிர்ஹோவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 80 வயதில் பெர்லினில் ஓடும் டிராமிலிருந்து குதித்துத் தொடையெலும்பை முறித்துக்கொண்டு, சில மாதங்களில், 1902இல் இறந்தார். ஓட்டம் தேங்குவதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொன்ன மனிதர், டிராம் நிற்கும்வரை பொறுத்திருக்கலாம்.

கால்மாட்டுக்காரரின் முதல் ஆயுதம் ஒரு இயந்திரம். இரண்டு கெண்டைக்காலிலும் காற்றுப்பை உறையை மாட்டிவிட்டால், அது 'புஸ்'ஸென்று ஊதிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். ரத்தம் தேங்காது; மூளையில் ரத்தம் கசியும் பயமும் இல்லை. பக்கவாதம் வந்து எழுந்து நடக்க முடியாமல் இருந்த 2,876 பேரிடம் பிரிட்டனில் இதைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள்: காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் 12.1 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்திருந்தார்கள். வாத்தியார் இதைக் கேட்டு உடனே மனக்கணக்குப் போட்டு, "ஏறக்குறைய இருபத்தெட்டு பேருக்கு மாட்டினா ஒருத்தர் தப்பிப்பார்" என்றார். அவர் மனைவிக்குக் கணக்கில் நாட்டமில்லை. இரவு முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒருத்தரும் ஒரு தடவை கால் அமுக்கிவிடலை" என்றார். வாத்தியார் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்ஸாமெதசோன் மருந்தின் குணம் அது. தூக்கத்தைப் பறிக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையையும் ஏற்றும். நடுராத்திரி இரண்டு மணிக்கு ரவா தோசை கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டவர், கிடைக்காது என்றதும் இட்லிக்கு இறங்கி வந்தார்.

வீடு திரும்பியதும் கட்சிகள் பிரிந்தன. பிசியோதெரபிக்காரர் நடக்கச் சொன்னார். ஊரிலிருந்து வந்து இறங்கிய அக்கா, "கத்தி வச்ச உடம்பு, தம்பி அசையக் கூடாது" என்று கட்டிலோடு கட்டிப்போட்டார். அக்கா கட்சிக்கே பெரும்பான்மை. ஒரு நாள் காலை இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. "வாயு" என்று அக்கா தைலத்தோடு உட்கார்ந்தார். மகள் பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினாள். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்கக் கூடாது, டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்ததைப் படித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஸ்கேனில் ரத்தக்கட்டு. தலையில் கசிவு எதுவும் இல்லை என்று இன்னொரு ஸ்கேன் சொன்ன பிறகே தலைமாட்டு டாக்டர் தலையசைத்தார். வயிற்றில் ஹெப்பாரின் ஊசி தொடங்கியது. 1916இல் ஜே மெக்லீன் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், நாயின் ஈரலில் உறையவிடாத பொருளைக் கண்டுபிடித்தார். அதுதான் ஹெப்பாரினின் தொடக்கம். இப்போது அதைப் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். வாத்தியார் சுத்த சைவம். விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "வாயால சாப்பிடலையே" என்று தீர்ப்பெழுதினார்.

பிறகு மாத்திரை, வார்ஃபரின். 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி பனிப்புயலில் வண்டியோட்டி, உறையாத மாட்டு ரத்தத்தைப் பால் கேனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். கார்ல் லிங்க்கின் ஆய்வுக்கூடம் அதிலிருந்து தொடங்கிக் கடைசியில் செய்தது எலி மருந்து. 1948இல் கடைக்கு வந்தது. 1954இல் அதே பொருளை மனிதர்களுக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது.

"எலிக்கு வைக்கிறதையா உங்களுக்குக் குடுக்கறாங்க?" என்று மனைவி அதிர்ந்தார்.

"1955ல ஐசனோவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்போ இதைத்தான் குடுத்தாங்க. அமெரிக்க ஜனாதிபதி."

"அவர் வீட்ல எலி இருந்திருக்கும்."

இந்த மாத்திரையின் அளவு ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பது. குவிக்கின் சோதனையிலிருந்து வந்த எண்தான் அது. 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் காலுக்கு ஆபத்து, கூடினால் தலைக்கு. வாத்தியார் கிராஃப் தாளில் குறித்துவைத்தார். பல்துலக்க மென்மையான பிரஷ் வந்தது, ரேசருக்குப் பதில் மின்சார ஷேவர் வந்தது, தலைவலிக்கு இஷ்டம்போல் விழுங்கும் மாத்திரைகள் பரணுக்குப் போயின.

எல்லாம் சரியாக இருந்தபோது கிராஃப் திடீரென்று 1.6க்கு இறங்கியது. "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். வாத்தியார் அக்காவைப் பார்த்தார். தம்பிக்கு ரத்தம் ஊறட்டும் என்று தினமும் காலையில் முருங்கைக்கீரை சூப், மத்தியானம் அதே கீரையில் பொரியல். கீரையில் வைட்டமின் கே நிறைய. வார்ஃபரின் அடக்கப் பார்ப்பது அந்த வைட்டமினின் வேலையைத்தான். கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"சரிங்க டாக்டர். முருங்கையைக் குறைச்சுக்கறேன். அகத்தி குடுக்கலாமில்ல?"