சிப்காட்வாசிகளுக்கான கிறிஸ்துமஸ் செய்முறை விளக்கம்

ஓசூரில் குடியிருந்துகொண்டு, "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் வேறொரு ஊரைச் சொல்கிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. வீட்டில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் பேக்கரியில் அரைக் கிலோ கேக் வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாக உறங்கலாம். எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்க்காரர்களுக்கும் இது தேவைப்படாது. அவர்களுடைய பாட்டி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நம்முடைய பாட்டி வீடியோ காலில் இருக்கிறார். அதிலும் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரியும்.

முதல் வேலை, ஊருக்குப் போகாமல் இருப்பது. இதற்குத் தனி முயற்சி வேண்டாம், ரயில்வே பார்த்துக்கொள்ளும். மைசூர்-தூத்துக்குடி ரயிலும் பெங்களூரு-நாகர்கோவில் ரயிலும் ஓசூர் வழியாகத்தான் போகின்றன என்பது உண்மையே. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அதாவது டிசம்பர் 23-க்கு அக்டோபர் 24. அந்த வாரம் நீங்கள் தீபாவளிப் பட்டாசு, போனஸ், ஓவர்டைம் என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். ஞாபகம் வந்து பார்க்கும்போது காத்திருப்போர் பட்டியலில் மூன்று இலக்க எண் தெரியும். ஆம்னி பஸ் கட்டணத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை மூடி வைத்துவிட்டு, பாட்டிக்குச் சேதி சொல்லுங்கள். அவர் கோபப்பட மாட்டார். "பரவால்ல மக்ளே, அங்கனயே பலகாரம் சுடுங்க. பிள்ளைகளுக்கு நம்ம ஊர் முறை தெரியாண்டாமா?" என்பார். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று டிசம்பர் மூன்றாம் வாரத்தில் உங்களுக்குப் புரியும்.

'நம்ம ஊர் முறை' என்பது எந்த ஊர் முறை என்று அடுத்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் வாழ்க்கைத்துணை நாகர்கோவில் பக்கம், நீங்கள் தூத்துக்குடி; ஒரே கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பழக்கம். அவர் வீட்டில் முந்திரிக்கொத்து இல்லாமல் பண்டிகை இல்லை. உங்கள் வீட்டில் மக்ரூன். இதில் சமரசம் பேசிப் பயனில்லை. மக்ரூனை வீட்டில் செய்யும் எண்ணத்தை மட்டும் இப்போதே கைவிடுங்கள். முந்திரிப்பொடி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்று மூன்றே பொருள்தான். அதனால்தான் ஆபத்து, பழி போட நான்காவது பொருள் கிடையாது. ஊரிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரவழையுங்கள். வந்து சேரும்போது பாதி பொடியாகியிருக்கும். பொடியைப் பிள்ளைகளுக்குக் கரண்டியால் கொடுங்கள். அதுதான் மக்ரூனின் இயல்பான வடிவம் என்று நம்பி வளரும் ஓசூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தக் குறையையும் நான் கண்டதில்லை.

முந்திரிக்கொத்து தைரியமாகச் செய்யலாம். பாசிப்பயறை வறுத்துப் பொடித்து, வறுத்த தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடித்து, மஞ்சள்பொடி கலந்த அரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விட வேண்டும். அளவு கேட்காதீர்கள். கேட்டால், "அதெல்லாம் கைக்குத் தெரியும் மக்ளே" என்ற பதில்தான் வரும். உங்கள் கைக்குத் தெரிந்ததெல்லாம் டார்க் ரெஞ்ச் என்பது பாட்டிக்குத் தெரியாது. உருண்டை பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். எலுமிச்சை அளவில் ஒன்றும், கோலிக்குண்டு அளவில் ஒன்றும், பாதி கடித்த ஒன்றுமாகக் கொத்து அமையும். வீட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் இந்த நேரத்தில் கடைக்கு அனுப்பிவிடுங்கள். வெர்னியர் காலிப்பரோடு அடுக்களைக்குள் வரும் மனிதர்களை நான் அறிவேன்.

தேதிக்கு வருவோம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு 23-ஆம் தேதியை ஒட்டித்தான் முடிகிறது. ஆகவே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கும். இரண்டையும் ஒரே கையால் செய்யப் பழகுங்கள்.

அச்சு முறுக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்டிகை வாரத்தில் புது அச்சு வாங்குவது தற்கொலைக்குச் சமம். புது அச்சை அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, பிறகு எண்ணெயில் ஊறவைத்துப் பல நாள் பழக்க வேண்டும். அதன் பிறகும் முதல் நாலைந்து முறுக்கு அச்சை விட்டு வராது. ஊரிலிருந்து பழைய அச்சு கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் அதை உங்கள் கையில் கொடுப்பது ஆட்சிமாற்றத்துக்கு ஒப்பான விஷயம் என்பதால் பாட்டி அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்க மாட்டார். கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். அச்சைக் காயும் எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் அந்த முறுக்கு அச்சோடு கல்யாணம் செய்துகொண்டு போய்விடும், ஊசி வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடக்கூடாது என்பது இந்த விளக்கத்தில் கேலி கலக்காத ஒரே வரி. அவர்களுக்கு வேறு வேலை உண்டு: கலகலா. மைதா மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் வரிவரியாகச் சிப்பி மாதிரி சுருண்டு வரும். சீப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் சிப்பி வரும். பிறகு பாம்பு வரும். அதன்பின் ஒரு ஜே.சி.பி. வரும். எல்லாவற்றையும் பொரித்துவிடுங்கள். ஆலையில் ரிஜெக்‌ஷன் என்று ஓரமாகக் கொட்டுவதை இங்கே 'ஸ்பெஷல்' என்று தனி டின்னில் போட வேண்டும், ஏனென்றால் செய்தவர் அதைத் தேடிக்கொண்டு வருவார். "பாட்டி, நான் செஞ்ச ஜே.சி.பி. பாருங்க" என்று கேமராவில் காட்டும்போது அந்தப் பக்கம் ஒரு மௌனம் நிலவும். நம்ம ஊர் முறையில் ஜே.சி.பி. கிடையாது. இரண்டு நாள் கழித்து அதே பாட்டி போன் செய்து, "அந்தப் பய செஞ்சத உடையாம எடுத்து வையி, நான் வந்து திங்கேன்" என்பார். அதற்குள் தின்றாகிவிட்டிருக்கும், இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

அதிரசம் சுடுவதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சுடுங்கள். வாசனை போனால் வழக்கு வரும். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகில் கிளறி, வைத்திருந்து, தட்டிப் பொரிப்பது நம் வழி. கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் அதையே செய்து எள்ளைப் பதிப்பார். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கசகசா தூவுவார். மூன்று வீடும் மற்ற இரண்டும் தங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக உறுதியாக நம்புகின்றன. எல்லை ஊர் என்பதால் இந்த வழக்கில் தீர்ப்பு வர வாய்ப்பில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது நான்காவதாக ஒரு கட்சி சேர்ந்துவிட்டது. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே அமையும் ஐபோன் ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஜார்க்கண்டின் முண்டா, ஒராவோன் மக்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் அர்சா: ஊறவைத்து இடித்த அரிசி, வெல்லப்பாகு, எண்ணெய். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு நம் அதிரசத்தையே சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், நமக்குத்தான் சேதி வரவில்லை.

விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பெண்கள் அடுப்பு இல்லாமல் பண்டிகை கழிப்பவர்கள். தேவாலயத்தில் பார்த்தால் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மொழி போதாது, பரவாயில்லை; பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்க எந்த மொழியும் தேவையில்லை. உங்கள் பாகு முறிந்துவிட்டது என்பதை அந்தப் பெண் முகத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பாட்டி வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "யாருடி அந்தப் பிள்ள? அவளுக்குப் பதம் தெரியுது" என்று உங்களைவிட அவளைப் பாராட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அதிரசம் எண்ணெயில் உடையாமல் வந்ததல்லவா?

கேக் பற்றிப் பேச அதிகம் இல்லை. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரௌன் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பார்கள். அவர் உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தாராம். நீங்கள் அந்த மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு எல்லை தாண்டி அத்திப்பள்ளி மதுக்கடைக்கு வண்டியை விடாதீர்கள். "கேக்குக்குத்தான் சார்" என்ற விளக்கத்தைத் திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் யாரும் நம்பப்போவதில்லை. உலர்திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். பிள்ளைகள் அதிலும் பாதியைத் தின்றுவிடுவார்கள் என்பதால் இரண்டு மடங்கு ஊறவையுங்கள்.

குடில் கட்டும் அதிகாரத்தை முழுமையாகப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவும். 1223-இல் கிரேச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். மத்திகிரியில் 1824 முதல் கால்நடைப் பண்ணை இருந்தும், ஓசூர்க் கடைகளில் டிசம்பர் 20-க்கு மேல் மாட்டு பொம்மை கிடைக்காது. ஆடு மட்டும் மீந்திருக்கும். மாட்டின் இடத்துக்கு டைனோசர் வரும், அனுமதியுங்கள். புல்தரைக்கு மட்டும் பத்து நாள் முன்னதாக ஒரு தட்டில் மண் பரப்பி ராகியைத் தூவிவிடுங்கள். ராகி விளையும் மாவட்டத்தில் பிளாஸ்டிக் புல் வாங்குவது அழகில்லை. பிள்ளைகள் மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றுவார்கள். அழுகினால் இரண்டாவது தட்டு தயாராக இருக்கட்டும். ரோஜாவால் அலங்கரிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஓசூர் ரோஜாவில் நல்லதெல்லாம் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் வண்டி ஏறிவிடும்.

கேரல் ரவுண்ட்ஸ் இரவு பத்துக்கு என்றால் பன்னிரண்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் வீசுவார், சின்னவள் அலறி உங்கள் தோளில் ஏறுவாள், பெரியவன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, தாத்தா சேஃப்டி ஷூ போட்டிருக்காரு" என்பான். பி ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர். மறுக்காதீர்கள். தாத்தாவும் இங்கேதான் வேலை பார்க்கிறார் என்று சொல்லுங்கள், அவனுக்கு அது பெருமையாகவே இருக்கும்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் புத்தாடை போடுவது குறித்து: ஊர் கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி ஒட்டி இருக்கிறது. புதுக் கவுனுக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குக் குல்லா. கவுனை யாரும் பார்க்கப்போவதில்லை. கேமராவுக்காக ஒரு நிமிடம் கழற்றி மாட்டுங்கள். வானவர் கீதத்துக்கு மணி அடிக்கும்போது விழித்துக்கொண்டு மறையுரையில் தூங்கும் பிள்ளை நல்ல பிள்ளை. சி.எஸ்.ஐ. வீட்டார் விடியற்காலை ஆராதனைக்கு எழ வேண்டும் என்பதால் அவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மத்தியானம் பிரியாணி, அதைப் பற்றி யாருக்கும் ஆலோசனை தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பலகாரத் தட்டுகள் மீதி. தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து தட்டு வந்தது, ரம்ஜானுக்கு யார் பிரியாணி கொடுத்தார்கள் என்ற கணக்கைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், பிசகாது. அவர்களையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு அச்சு முறுக்கு வைத்து அனுப்பினால் மூன்று போய்ச் சேரும் என்பதால் ஐந்து வைக்கவும். பொடிந்தவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

26-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே ஓட்டுநர் கையை நீட்டுவார், அதற்கு ஒரு பொட்டலம் தனியாக இருக்க வேண்டும். லைனில் எத்தனை பேர் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு தலைக்கு ஒரு கொத்து, இரண்டு அதிரசம் என்று எண்ணிக் கட்டுங்கள். சூப்பர்வைசருக்குக் கூடுதலாக வைத்தால் மற்றவர்கள் கவனிப்பார்கள், குறைத்தால் அவர் கவனிப்பார். நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களும் கேட்டில் மறிப்பார்கள், ஆகவே இரண்டு லைன் கணக்கு.